மூன்று நாள் ஆயுள்

ஜார்ஜ் ஆர்வெல் 1946 பிப்ரவரியில் ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ நாளிதழில் தனக்கு ரொம்பப் பிடித்த ஒரு லண்டன் பப்பைப் பற்றி எழுதினார். பெயர் ‘தி மூன் அண்டர் வாட்டர்’. விக்டோரியா காலத்துக் கட்டடம், குளிர்காலத்தில் கணப்பு, பேச்சைக் கெடுக்க ரேடியோவோ பியானோவோ கிடையாது, பீங்கான் கோப்பையில் பீர், பின்னால் குழந்தைகள் விளையாடத் தோட்டம். சரி, எந்த பஸ்ஸில் போகணும் என்று நாம் யோசிக்கும்போது விஷயத்தை உடைக்கிறார்: அப்படி ஒரு பப்பே இல்லை. தான் எதிர்பார்க்கும் பத்து குணங்களில் எட்டு உள்ள ஒரு பப் தெரியும், அவ்வளவுதான்.

பப் விமர்சனம் எழுதுகிற பலரும் இன்றும் அந்த மீதி இரண்டைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆர்வெல்லின் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஒரு பப் ஏன் பிடிக்கும் என்று கேட்டால் பீரைத்தான் முதலில் சொல்லத் தோன்றும். தன்னை இழுப்பது அந்த இடத்தின் சூழல்தான் என்கிறார். தினமும் அதே நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற மனிதர்கள்தான் அந்தச் சூழல்.

ஆனால் ரியல் ஏல் விஷயத்தில் பீரையும் மனிதர்களையும் அப்படித் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. தொழிற்சாலையில் வடிகட்டி, சூடாக்கி, வாயு ஏற்றி அனுப்பும் கெக் பீர் எங்கே குடித்தாலும் ஒன்றுதான். 1971இல் நான்கு பேர் சேர்ந்து தொடங்கிய ‘காம்ரா’ இயக்கம் அதை எதிர்த்துத்தான் கிளம்பியது. ரியல் ஏலில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். பப்பின் நிலவறையில், சுமார் 12 டிகிரி குளிர்ச்சியில், பீப்பாய்க்குள்ளேயே மறுபடி நொதிக்கும். பாதிச் சமையல் பப்பில் நடக்கிறது என்றே சொல்லலாம். எப்போது திறப்பது என்பது பப் நடத்துகிறவரின் கைப்பக்குவம். திறந்து பம்ப்பில் இறைக்க ஆரம்பித்ததும் உள்ளே காற்று புகும். பிறகு மூன்று நாள்தான் கணக்கு. ஒன்பது காலன் பீப்பாய் என்றால் 72 பைன்ட். அதற்குள் குடித்துத் தீர்க்க ஆள் வராவிட்டால் புளிக்கத் தொடங்கிவிடும்.

ஆகவே தம்ளரில் இருக்கும் ருசியில் பக்கத்து மேசைக்காரருக்கும் பங்கு உண்டு. ஹாப்ஸ் வாசனை, நுரை, நிறம் என்று மட்டும் எழுதி நட்சத்திரம் போடும் விமர்சனம் பாதி விமர்சனம்தான். இந்த பீப்பாயைக் காலி செய்தவர்கள் யார் என்று அது கேட்பதில்லை. அதைவிட முக்கியமாக, யாரை உள்ளே விடவில்லை என்று கேட்பதில்லை.

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பர்மிங்காமை ஒட்டிய ஸ்மெத்விக்கில் 1960களில் பல பப்களில் நிறத்தடை இருந்தது. பக்கத்து வார்ப்பாலைகளில் வேலை செய்த பஞ்சாபிகளுக்குச் சில அறைகளில் இடமில்லை; சில இடங்களில் பீரே இல்லை. இந்தியத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த அவ்தார் சிங் ஜோஹல் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பப் பப்பாகப் போய் அந்தத் தடையை எதிர்த்தார். 1965 பிப்ரவரியில் மால்கம் எக்ஸ் அங்கே வந்து அதை நேரில் பார்த்தார். அதே ஆண்டு வந்த இன உறவுச் சட்டம் பொது இடங்களில் இந்தப் பாகுபாட்டைச் சட்டவிரோதமாக்கியது. ஜோஹல் செய்ததும் பப் விமர்சனம்தான், என்னைக் கேட்டால். ஏலுக்கு மார்க் போடவில்லை, கதவுக்குப் போட்டார்.

ஆர்வெல்லின் பத்து குணங்களில் இந்தக் கதவு இல்லை. அவருடைய பப்பில் பணிப்பெண்களுக்குப் பெரும்பாலான வாடிக்கையாளர்களின் பெயர் தெரியும். முதல்முறை வருகிற ஒருவனை அந்த நாற்காலிக்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பது கட்டுரையில் இல்லை. பிற்பாடு வெதர்ஸ்பூன் நிறுவனம் அதே பெயரைத் தன் பப்கள் பலவற்றுக்கு வைத்தது. மான்செஸ்டரில் அந்தப் பெயரில் இருப்பது பழைய சினிமா தியேட்டரில் நடக்கும் பிரம்மாண்டமான பப். அங்கே யாரும் நுழையலாம். பெயர் தெரிந்து கூப்பிடத்தான் ஆள் இருக்காது. ஆர்வெல்லின் கனவில் இரண்டு பாதிகள் இருந்தன என்பது அதைப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது.

இரண்டையும் சேர்த்தவர்கள் வேறு சிலர். டேவிட் ஜேசுதாசன் 2023இல் எழுதிய ‘தேசி பப்ஸ்’ புத்தகம் அவர்களைப் பற்றியது: இந்திய வம்சாவளியினர் எடுத்து நடத்தும் பப்கள், ஒரு பக்கம் பைன்ட், இன்னொரு பக்கம் தந்தூரியில் சுட்ட மிக்ஸ்ட் கிரில். எல்லா தேசி பப்பிலும் ரியல் ஏல் கிடைக்காது, லாகர்தான் அதிகம். ஏல் பக்தர்கள் இதைக் குறையாகச் சொல்லலாம். ஆனால் இந்தப் புத்தகத்தை வெளியிட்டதே காம்ராதான். பீப்பாயைக் காப்பாற்ற வந்த இயக்கம், அதைச் சுற்றி நிற்கும் ஆட்களையும் எண்ண ஆரம்பித்திருக்கிறது.

இனி பப் விமர்சனம் எழுதுகிறவர்கள் பதினோராவதாக ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளலாம். முன்பின் தெரியாத ஒருவர் உள்ளே வந்தால், யார் நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள்? 72 பைன்ட் மூன்று நாளில் தீர வேண்டும் என்றால், அந்த ஆளும் வேண்டும்.