இஸ்தான்புல்லின் ஜெர்மன் பள்ளியும் மும்மொழிக் கல்வியும்

இஸ்தான்புல்லின் பேயோலு பகுதியில், கலாட்டா கோபுரத்திலிருந்து நடந்தே போகும் தொலைவில் இருக்கிறது, ஊரார் 'அல்மான் லிசேசி' என்று அழைக்கும் ஜெர்மன் பள்ளி. அந்நகரில் குடியேறிய ஜெர்மானிய, சுவிஸ் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக 1868-இல் தொடங்கியது. முதல் உலகப் போர் முடிந்தபோது மூடப்பட்டு 1924-இல் திறந்தது. 1944-இல் துருக்கி ஜெர்மனியுடன் உறவை முறித்ததும் மறுபடி மூடப்பட்டு 1953-இல்தான் திறந்தது. இன்று அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் துருக்கியப் பிள்ளைகள்.

கணிதமும் அறிவியலும் ஜெர்மனில் நடக்கின்றன. இலக்கியம், வரலாறு போன்றவை துருக்கி மொழியில். அவற்றைத் துருக்கிய ஆசிரியர்களே நடத்த வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். தலைமையாசிரியர் ஜெர்மானியர் என்றால் அவருக்கு அடுத்த முதன்மைத் துணைத் தலைமையாசிரியர் துருக்கியராக இருந்தாக வேண்டும். ஆங்கிலம் மூன்றாவது மொழி. திங்கள் காலை கொடியின் முன் நின்று துருக்கியின் நாட்டுப்பண் பாடிய பிள்ளைகள், வகுப்புக்குள் போனதும் ஜெர்மனில் இயற்பியல் படிக்கிறார்கள்.

இவர்களில் பெரும்பாலோர் எட்டாம் வகுப்பு முடித்து, நாடு முழுவதற்குமான நுழைவுத் தேர்வில் மிக முன்னணியில் நின்று இடம் பிடித்தவர்கள். பலருக்கு ஜெர்மன் ஒரு சொல்கூடத் தெரியாது. முதல் ஓராண்டு பெரும்பாலும் மொழிப் பயிற்சி. அதன்பின் பாடங்களே ஜெர்மனில். ஜெர்மனில் ஒன்றின் இடத்து எண்ணை முதலில் சொல்லிப் பத்தின் இடத்தைப் பிறகு சொல்வார்கள். ஆசிரியர் 473 என்று சொன்னால் காதில் விழுவது நானூறு, மூன்று, எழுபது என்ற வரிசை. புதிதாக வந்த பிள்ளையின் கை 437 என்று எழுதிவிடும். கணக்கு தெரிந்தும் விடை தவறும் அந்தச் சங்கடம், வேலை செய்துகொண்டே மொழியைப் பழகுவதன் விலை. அந்த விலை தகும் என்றே நினைக்கிறேன். இலக்கணப் புத்தகத்தோடு பல ஆண்டு மன்றாடியும் வராத சரளம் இப்படித்தான் வருகிறது.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது தேர்வு முறை. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே வளர்ந்த பிள்ளைகள் இங்கே பக்கம் பக்கமாக எழுத வேண்டும். வினாத்தாளில் 'விவரி', 'விளக்கு', 'மதிப்பிடு' ஆகிய ஒவ்வொரு கட்டளைக்கும் தனித்தனி எதிர்பார்ப்பு உண்டு. மதிப்பிடு என்று கேட்ட இடத்தில் விவரித்து நிறுத்தினால் மதிப்பெண் குறையும். வகுப்பில் வாய் திறந்து விவாதிப்பதற்கும் மதிப்பெண் உண்டு. மனப்பாடத்தை நம்பி வந்தவருக்கு இது கடுமையான, ஆனால் மிக நல்ல பயிற்சி.

குறைகளில் முதலாவதாகச் சொல்ல வேண்டியது: வடிகட்டி எடுத்த பிள்ளைகளின் வெற்றியை முழுக்கக் கற்பித்தல் முறையின் கணக்கில் எழுத முடியாது. சராசரி மாணவருக்கு இதே முறை எவ்வளவு உதவும் என்பதை இத்தகைய பள்ளியை வைத்துச் சொல்ல வழியில்லை. ஜெர்மன் அரசு அனுப்பும் ஆசிரியர்கள் சில ஆண்டு ஒப்பந்தத்தில் வருகிறார்கள். துருக்கியப் பிள்ளை எங்கே தடுமாறும் என்று பிடிபடும் நேரத்தில் ஊர் திரும்புகிறார்கள்.

ஆனால் என்னை உறுத்துவது மொழிகளுக்குப் பிரித்துக் கொடுத்த வேலை. பல ஆண்டு வேதியியலும் உயிரியலும் ஜெர்மனில் படித்த பிள்ளை, துருக்கியிலேயே மருத்துவம் படிக்க நினைத்தால், எழுத வேண்டிய பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு துருக்கி மொழியில் இருக்கிறது. தாய்மொழியின் கலைச்சொற்களைத் தனிப்பயிற்சி வகுப்புகளில் மாலையிலும் வார இறுதியிலும் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது. அதே நேரத்தில் கையிலிருக்கும் அபிட்டூர் என்ற ஜெர்மன் பள்ளியிறுதிச் சான்றிதழ் ஜெர்மன் பல்கலைக்கழகங்களின் வாசலை நேராகத் திறந்துவிடுகிறது. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணமும் இல்லை. போகும் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. நாட்டின் மிகத் திறமையான மாணவர்களைப் பொறுக்கி எடுத்து வெளியே போகும் பாதையை மட்டும் சமன்படுத்தித் தரும் ஏற்பாட்டைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

இதைச் சரிசெய்வது பெரிய காரியமல்ல. இரண்டு நாட்டு ஆசிரியர்களும் ஒரே கூரையின் கீழ்தான் வேலை செய்கிறார்கள். வாரத்தில் சில பாடவேளைகளிலாவது இருவரும் சேர்ந்து அறிவியலைத் துருக்கி மொழியிலும் நடத்தலாம். ஒரு சோதனை அறிக்கையை இரு மொழியிலும் எழுதச் சொல்லலாம். வீட்டு மொழிக்கு வரலாறும் கவிதையும் மட்டும் போதும் என்று ஒதுக்கும் பள்ளி எங்கே இருந்தாலும், அதை நல்ல ஜெர்மன் பள்ளி என்று தயங்காமல் சொல்வேன். மும்மொழிப் பள்ளி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.