பாயிரமும் முகவரியும்

நூலின் முகத்தே பாயிரம் வைத்துரைப்பது தமிழர் கண்ட முறை. சிறப்புப் பாயிரத்திற்கு நன்னூலார் வகுத்த எட்டுச் செய்திகளுள் முன்னிற்பது ஆக்கியோன் பெயர். நூல் வந்த வழி, வழங்கும் எல்லை முதலியன பின்னே தொடரும். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர். இத்துணை நுணுக்கமாக எண்ணிய இலக்கணம், ஆசிரியர் குடியிருக்கும் தெருவையும் மனையையும் கேட்கவில்லை.

இன்றைய கட்டற்ற மென்பொருள் உலகம் அதனையும் கேட்கிறது. மூலநிரலை எல்லார்க்கும் திறந்துவைத்துப் பலர் கூடி ஆக்கும் இப்பணிகளுள் பெரும்பாலானவை, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய 'கிட்' என்னும் கருவியைக் கொண்டே நடைபெறுகின்றன. ஒருவர் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும், அத்திருத்தத்தோடு அவர் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் நாளும் நேரமும் பதிவாகும். பின்னர் நீக்கிவிடலாமே எனின், அஃது எளிதன்று. ஒவ்வொரு பதிவுக்கும் அதன் உள்ளடக்கத்தினின்று கணக்கிட்ட அடையாள எண் ஒன்று உண்டு. அடுத்த பதிவு அவ்வெண்ணைத் தன்னுள் தாங்கியிருக்கும். ஆகவே பழைய பதிவில் ஒரு முகவரியை மாற்றினால், அதன்பின் வந்த பதிவுகள் அனைத்தின் எண்களும் மாறிப்போகும். மாற்றத் துணிந்தாலும், முன்னரே படியெடுத்துச் சென்றோர் கணினிகளில் பழைய முகவரி அப்படியே இருக்கும். மூல ஏட்டைத் திருத்திய பின்னும், அதைப் பார்த்தெழுதிய படிகள் பழைய பாடத்தோடு ஊர்தோறும் உலவுவது போன்றது இது. சுவடி ஆய்ந்த தமிழாசிரியர்க்கு இத்தொல்லை புதிதாகத் தோன்றாது.

தமிழ்ப்பணியிலேயே இதனினும் செம்மையான முறை ஒன்று உண்டு. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தொண்டர்களைக் கொண்டு தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கி விலையின்றி வழங்கிவருகிறது. பதிப்பின் முகத்தில் உள்ளிட்டவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் நிற்கும். திருத்தம் அனுப்புதற்குத் தரப்படுவதோ திட்டத்தின் பொது முகவரி. அதனையும் சுழிக்குறி இடாமல், அக்குறிக்கு ஈடான ஆங்கிலச் சொல்லை இட்டு எழுதியிருக்கின்றனர். முகவரிகளைத் திரட்டிக் குப்பை அஞ்சல் விடுப்போரை ஏய்க்கும் பழைய உபாயம் அது. இக்காலத்தில் எவ்வளவு பயன்படுமோ! எனினும், தொண்டர்க்குப் பெயரும் திட்டத்திற்கு முகவரியும் என்ற பங்கீடு போற்றத்தக்கது.

முகவரி இல்லையேல் பொறுப்பு ஏது என வினவுவர் சிலர். லினக்ஸ் மென்பொருளின் உரிமை பற்றி 2003-இல் அமெரிக்காவில் எழுந்த வழக்கையொட்டி, நிரல் தருவோர் பெயரும் முகவரியும் இட்டு ஒப்பமிடும் வழக்கம் 2004-இல் ஏற்பட்டதை அவர்கள் எடுத்துக்காட்டலாம். ஆயினும் கிட் தன்னளவில் எந்த முகவரியையும் சரிபார்ப்பதில்லை. பிறர் முகவரியை எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். சரிபாராத ஒன்று எங்ஙனம் சான்றாகும்? உரிம விதியைப் பின்னாளில் மாற்ற நேர்ந்தால் பங்களித்தோர் ஒப்புதலைப் பெறவேண்டுமே என்பது இதனினும் வலுவான வாதம். அதற்கும் முகவரிப் பட்டியல் திட்டப் பொறுப்பாளர் கையில் இருந்தால் போதும். ஊரறிய ஒட்டிவைக்க வேண்டியதில்லை.

கோல சிலாங்கூர் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். 2007-இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தையில் இன்று சிலாங்கூர்ப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. ஈஜோக், புக்கிட் ரோத்தான் தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கணினி கைக்கெட்டிய பொருளாகிவிட்டது. அவர்களுள் ஒருத்தி ஒரு மென்பொருளின் சொற்களைத் தமிழாக்க முன்வருகிறாள் என்க. அவளுக்கு இருப்பது ஒரே முகவரி. கல்விக் கடனுக்கும் வங்கிக்கும் அதுவே. முழுப்பெயரும் பிறந்த ஆண்டும் அதிலேயே அடங்கியிருக்கவும் கூடும். தோட்டத்துக்கு வரும் கடிதமெல்லாம் ஆபீசுக்குப் போய்க் கிராணி கைவழியே லயத்துக்கு வந்த காலத்தில், யாருக்கு எங்கிருந்து கடிதம் வந்தது என்பது பலர்க்கும் தெரிந்துவிடும். ஆனால் அப்பலரும் முகமறிந்தவர்கள். இங்கோ அவள் அறியாத எவரும் அவள் வாயிலில் வந்து நிற்கலாம். ஒருமுறை தொல்லைப்பட்டவள் தமிழாக்கத்தையே கைவிட்டால் இழப்பு யாருக்கு?

சட்டம் காக்கும் என்று இருந்துவிடவும் இயலாது. 2010-ஆம் ஆண்டின் மலேசியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. அது வணிக நடவடிக்கைகளைப் பற்றியது. ஊதியமற்ற தொண்டு அதன் எல்லைக்குள் எளிதில் அடங்காது.

வழி இல்லாமலும் இல்லை. கிட்ஹப் போன்ற தளங்கள் மெய்யான முகவரிக்கு ஈடாக அஞ்சல் சென்றுசேராத மறைமுகவரி ஒன்றைத் தருகின்றன. மெய்யான முகவரி தாங்கிய பதிவைத் தடுத்து நிறுத்தும் வசதியும் உண்டு. முதற்பதிவுக்கு முன்னரே இவற்றை அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதே சிக்கல். புதிதாக வருவோரிடம் கிட், 'நீர் யார்?' என்று கேட்டுப் பெயரையும் முகவரியையும் எழுதச் சொல்கிறது. எழுதியதை யார் யார் காண்பர், எத்துணைக் காலம் நிற்கும் என்பதை அவ்விடத்தில் உரைப்பதில்லை. குறை அங்கேதான் இருக்கிறது. தமிழ்த் திட்டங்களை நடத்துவோர் தம் வழிகாட்டிக் குறிப்பின் முதற்பக்கத்திலேயே, மறைமுகவரி அமைக்கும் முறையைப் படத்தோடு தமிழில் எழுதிச் சேர்த்தல் வேண்டும்.