ஷாம்பெய்ன்: விவசாயியா, கம்பெனியா?

ஷாம்பெய்ன் பற்றி இப்போது வரும் கட்டுரைகளில் ஒரே கதை திரும்பத் திரும்ப வருகிறது. தானே திராட்சை வளர்த்து, தானே மது செய்யும் சின்ன விவசாயியின் பாட்டிலில் உண்மை இருக்கும். புகழ்பெற்ற கம்பெனியின் பாட்டிலில் விளம்பரம்தான் இருக்கும். எனக்கு இந்தக் கதை பாதிதான் செரிக்கிறது.

நியாயமான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஷாம்பெய்ன் வட்டாரத் தோட்டங்களில் சுமார் 90 சதவீதம் விவசாயிகளிடம் இருக்கிறது. விற்பனையில் சுமார் 70 சதவீதம் கம்பெனிகளிடம். ஆக, கம்பெனிகள் திராட்சையை விலைக்கு வாங்கித்தான் ஆகணும். இந்த உறவில் பழைய ரணங்கள் உண்டு. வெளியூர்த் திராட்சையைக் கொண்டுவந்து ஷாம்பெய்ன் என்று விற்கிறார்கள் என்ற கோபமும் சேர்ந்து, 1911இல் கலவரம் வெடித்தது. ஏயி என்ற ஊரில் கம்பெனிக் கட்டடங்களுக்குத் தீ வைத்தார்கள், ராணுவம் வந்தது. விவசாயி தன் பெயரிலேயே பாட்டில் விற்பதை வெறும் ஃபேஷன் என்று ஒதுக்க முடியாது.

யார் செய்தது என்பது லேபிளிலேயே பொடி எழுத்தில் இருக்கும். ஆர்.எம். என்றால் தன் தோட்டத்துத் திராட்சையில் தானே செய்தவர். வெளியே 5 சதவீதம் வரைதான் வாங்கலாம். என்.எம். என்றால் திராட்சை வாங்கியும் செய்பவர். சி.எம். என்றால் கூட்டுறவுச் சங்கம். ஆர்.சி.யில்தான் கவனம் வேணும்: பெயர் விவசாயியுடையது, மதுவைச் செய்தது சங்கம்.

ஆனால் இந்த இரண்டு எழுத்து தரச் சான்றிதழ் இல்லை. சலோன் ஓர் என்.எம். கம்பெனிதான். ஒரே ஊர், ஒரே திராட்சை, நல்ல வருடத்தில் மட்டும் மது. விவசாயிகளைப் பாராட்டும்போது நாம் சொல்வதெல்லாம் அங்கேயும் இருக்கு. லூயி ரோடரரின் கிறிஸ்டல் முழுக்கச் சொந்தத் தோட்டத்துத் திராட்சைதான்.

இன்னொன்று, வானிலை. ஷாம்பெய்ன் குளிரான பிரதேசம். 2021 ஏப்ரலில் உறைபனி, பிறகு பூஞ்சை. ஒரே ஊரில் சில ஹெக்டேர் வைத்திருப்பவருக்கு அந்த வருடம் ஒதுங்க இடமில்லை. பல ஊர்த் திராட்சையும் பழைய வருடங்களின் மதுவும் கையில் வைத்திருக்கும் கம்பெனி, கலந்து சரிக்கட்டிவிடும். அதை ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். ஷாம்பெய்னின் முக்கியமான கலையே அதுதான். விவசாயியின் பாட்டில் ஓர் ஊரைக் காட்டுகிறது. கம்பெனியின் பாட்டில் ஊர், வருடம் இரண்டின் மேடுபள்ளத்தையும் நிரவிவிடுகிறது. இரண்டும் வேறு வேறு வேலை.

அப்போ நம் காசுக்கு என்ன உத்தரவாதம்? என் குறை இங்கேதான். வருடம் போடாத ஷாம்பெய்னைக் குறைந்தது 15 மாதம் நிலவறையில் வைக்க வேண்டும் என்பது சட்டம். அதற்குப் பிறகு கடை அலமாரியில் எத்தனை நாள் நின்றது? ஈஸ்ட் வண்டலை நீக்கித் தக்கை அடைத்த தேதி இல்லாவிட்டால் கண்டுபிடிக்கவே முடியாது. ஒரே பெயர், ஒரே விலை. உள்ளே வேறு வேறு மது. கடைசியில் எவ்வளவு சர்க்கரை சேர்த்தார்கள் என்பதும் அப்படித்தான். ‘புரூட்’ என்ற சொல்லுக்குள் லிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே எதுவும் அடங்கும்.

இதைச் சொல்பவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். ஆம்பொனே ஊர் விவசாயி எக்லி-ஊரியே தேதியை அச்சிடுகிறார். கம்பெனிகளில் ஜாக்கசோன், 2000 அறுவடையை அடிப்படையாக வைத்த கலவைக்கு 728 என்று எண் கொடுத்து, வருடா வருடம் எண்ணைக் கூட்டிக்கொண்டே வந்தது. க்ரூக் பாட்டிலின் பின்னால் உள்ள எண்ணைக் கொண்டு அதன் விவரத்தைத் தேடிப் பார்க்கலாம்.

என் யோசனை இதுதான். ஓர் ஊரின் ருசி வேணும்னா ஆர்.எம். பாருங்க: சார்டனேக்கு லெ மெனில், பினோ நுவாருக்கு ஆம்பொனே. எப்போது வாங்கினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கணும்னா கம்பெனிதான் சரி. இரண்டிலும் முன்பக்கப் பெயரைப் பார்த்த பிறகு பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்தையும் படிங்க. அங்கே தேதியும் சர்க்கரை அளவும் இல்லை என்றால், அதே விலையில் அவற்றைப் போட்டிருக்கும் பாட்டிலைத்தான் நான் எடுப்பேன்.