பிழைத்த கன்றுக்கு நான்கு சென்ட்

வங்காரி மாத்தாயைப் பற்றிக் குழந்தைகளுக்கு வந்த படப் புத்தகங்களில் ஒன்று 'மாமா மிட்டி'. டோனா ஜோ நப்போலி எழுதி 2010இல் வெளியானது. ஸ்வாஹிலியில் மாமா என்றால் அம்மா. மிட்டி என்றால் மரங்கள். ஏழைப் பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் குறையோடு வங்காரியிடம் வருகிறார்கள். ஒவ்வொருத்திக்கும் ஏற்ற மரத்தைச் சொல்லி நடச் சொல்கிறார். கென்யா பச்சையாகிறது. துணிகளை வெட்டி ஒட்டி கதிர் நெல்சன் செய்திருக்கும் படங்கள் கண்ணை எடுக்க விடாதவை. ஆனால் மாத்தாயின் தன்வரலாறான 'அன்பவுட்' நூலைப் படித்துவிட்டு இதைக் கையிலெடுத்தபோது எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது. 'பணியாதவள்' என்ற பொருள் தரும் அந்தத் தலைப்புக்கும் 'மரங்களின் அம்மா' என்ற இந்தத் தலைப்புக்கும் நடுவே ஓர் இயக்கமே காணாமல் போயிருக்கிறது.

தன்வரலாற்றில் வரிசை நேர்மாறாக இருக்கிறது. முதலில் பேசுகிறவர்கள் கிராமத்துப் பெண்கள். விறகில்லை, நல்ல தண்ணீரில்லை, பிள்ளைகளுக்குச் சத்தான சாப்பாடில்லை, கையில் காசில்லை என்று எழுபதுகளில் அவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் மாத்தாய் மரத்துக்கு வந்து சேர்ந்தார். காடிருந்த இடத்தில் தேயிலையும் காப்பியும் ஏறியிருந்தன. 1977இல் கென்யப் பெண்கள் தேசியக் கவுன்சிலின் கீழ் கிரீன் பெல்ட் இயக்கம் தொடங்கியது. மரம் வளர்க்கப் பட்டயம் படித்தவர்கள் வேண்டும் என்றார்கள் வனத்துறையினர். பெண்களோ உடைந்த பானையில் விதை போட்டு, கோழிக்கும் ஆட்டுக்கும் எட்டாத உயரத்தில் வைத்து, எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கற்றார்கள். கேட்ட அளவு கன்று இலவசம் என்று சிரித்துக்கொண்டே சொன்ன வன அதிகாரி, ஓராண்டுக்குள் இனிக் காசு கொடுங்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. 'மாமா மிட்டி'யில் அறிவு ஒருத்தியிடம் இருக்கிறது, மற்றவர்கள் பெற்றுக்கொள்கிறார்கள். நடந்தது அப்படியல்ல.

இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது: கூலி. நட்டுப் பிழைத்த ஒவ்வொரு கன்றுக்கும் சுமார் நான்கு அமெரிக்க சென்ட் பெண்களுக்குக் கொடுக்கப்பட்டது. சின்னத் தொகைதான். ஆனால் நட்டதற்கல்ல, பிழைக்க வைத்ததற்குக் கூலி என்பதைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் சுமந்து ஊற்றுவது, ஆடு மேயாமல் பார்ப்பது, பட்ட கன்றை மாற்றி நடுவது எல்லாம் வேலைதான் என்று ஒத்துக்கொண்ட கணக்கு அது. உலகம் பூராவும் பெண்கள் சும்மா செய்வதாக நினைக்கப்படும் பராமரிப்புக்கு விலை வைத்த கணக்கு. 'அம்மா' என்று அழைத்த மறுகணம் அந்தக் கூலி மறைந்துவிடுகிறது. அம்மாவுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

குழந்தைகளுக்கான புத்தகம்தானே, இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்று கேட்கலாம். எதிர்பார்க்கலாம். ஜனெட் வின்டர் 2008இல் அதே வயதுக்காரர்களுக்கு எழுதி வரைந்த 'வங்காரிஸ் ட்ரீஸ் ஆஃப் பீஸ்' புத்தகத்தில் கூலியும் இருக்கிறது. தடியடியும் சிறையும் இருக்கின்றன. குழந்தைகளுக்கு அது புரியாமல் போகவில்லை.

1989இல் நைரோபியின் உஹுரு பூங்காவில் அறுபது மாடிக் கட்டடம் எழுப்ப ஆளும் கட்சி திட்டமிட்டது. மாத்தாய் எதிர்த்தார். நாடாளுமன்றத்தில் அவருடைய இயக்கத்தை விவாகரத்தானவர்களின் கூட்டம் என்று ஏசினார்கள். அடங்கியிருப்பதே ஆப்பிரிக்கப் பெண்ணுக்கு அழகு என்ற தொனியில் ஜனாதிபதி மோய் பேசினார். மாத்தாய் என்பது கணவர் வழி வந்த பெயர். மணமுறிவுக்குப் பின் அதை விடச் சொன்னபோது, ஓர் எழுத்தைக் கூட்டித் தன்னுடையதாக்கிக்கொண்டவர் அவர். அன்று அதிகாரத்துக்கு அவர் அம்மாவாகத் தெரியவில்லை, அடங்காதவளாகத்தான் தெரிந்தார். 2004இல் நோபல் பரிசு பெற்றவரை 'அம்மா' என்று கொண்டாடுவதில் ஆபத்தில்லை.

இதைச் சொல்லும்போது ஓர் எதிர்க்கேள்வி எழுகிறது. தாய்மையை அந்தப் பெண்களே பயன்படுத்தவில்லையா? பயன்படுத்தினார்கள். 1992இல் அரசியல் கைதிகளின் தாய்மார் மகன்களின் விடுதலை கேட்டு அதே பூங்காவில் மாத்தாயோடு உண்ணாவிரதம் இருந்தார்கள். போலீஸ் அடித்தபோது மூத்த பெண்கள் சிலர் ஆடை களைந்து நின்றார்கள். தாயின் வயதுள்ளவள் அப்படி நிற்பது அந்தச் சமூகத்தில் சாபம். அங்கே தாய்மை ஆயுதமாக இருந்தது; எப்போது, யார்மீது எடுப்பது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். வெளியிலிருந்து சூட்டப்படும் 'அம்மா' பட்டமோ அந்த ஆயுதத்தைப் பிடுங்கிக்கொண்டு பொன்னாடை போர்த்துகிறது.

தன்வரலாறு வெளியான 2006ஆம் ஆண்டிலேயே கிரீன் பெல்ட் இயக்கம் உலக வங்கியின் கார்பன் நிதியோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. காடு வளர்த்து உறிஞ்சப்படும் கரியமில வாயுவுக்கு டன் கணக்கில் பணம். இயக்கத்துக்கு அந்தப் பணம் தேவைப்பட்டிருக்கும். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பருவநிலை பற்றிய உலகப் பேச்சு இப்போது இரண்டே மொழிகளில் நடக்கிறது: மேடையில் பூமித்தாய், கணக்குப் புத்தகத்தில் டன். கன்றைப் பிழைக்க வைத்தவளின் வேலை நேரம் இரண்டிலும் வருவதில்லை. நம் பிள்ளைகளுக்கு வங்காரியின் கதையைச் சொல்லும்போது, அந்த நான்கு சென்ட்டையும் சேர்த்தே சொல்வோம்.