மலைபடுகடாம் காட்டும் பயிர்நிலைகள்: ஒரு மதிப்பீடு

மலைபடுகடாம் பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்று. 583 அடிகளைக் கொண்டது. கூத்தராற்றுப்படை என்றும் பெயர் பெறும். இதை இயற்றியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னன். செங்கண்மா என்பது இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் என்றும், பாட்டில் வரும் நவிரமலை பர்வதமலை என்றும், சேயாறு இன்றைய செய்யாறு என்றும் அறிஞர் கொள்வர். திருவண்ணாமலைப் பகுதி மாணவர்க்கு இது சொந்த மண்ணின் பாட்டு.

பரிசில் பெற்று வரும் கூத்தன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு நன்னன் ஊருக்குச் செல்லும் வழியைச் சொல்கிறான். வழியில் உள்ள மலைநிலத்தின் விளைச்சலைச் சொல்லும் பகுதி சுமார் 100ஆம் அடியில் தொடங்கி நாற்பதுக்கு மேற்பட்ட அடிகள் செல்கிறது. எள், தினை, அவரை, வரகு, ஐவன நெல், கரும்பு, இஞ்சி, கவலைக் கிழங்கு, வாழை, நாவல், மா, பலா என ஒவ்வொன்றும் வருகிறது. இப்பகுதியை 'இயற்கை வருணனை' என்ற ஒரே தலைப்பில் அடக்கிவிடுவது வழக்கம். அத்தலைப்பு போதாது. புலவர் இங்கே செடிகளை மட்டும் சொல்லவில்லை; ஒவ்வொரு செடியும் எந்த நிலையில் நிற்கிறது என்பதைச் சொல்கிறார்.

பெயருக்கு முன் நிலை

இப்பகுதியின் தொடரமைப்பைக் கவனித்தால் இது விளங்கும். பல இடங்களில் உவமை முதலில் வருகிறது. அடுத்துச் செடியின் ஓர் உறுப்பும் அதன் நிலையும் வருகின்றன. பின்னர் வினைமுற்று. செடியின் பெயர் கடைசியில்தான் வருகிறது. கேட்பவர் விடுகதையை விடுவிப்பதுபோலப் பெயரை எதிர்நோக்க வேண்டியிருக்கிறது.

அவரையை எடுத்துக்கொள்ளலாம். அதன் பூக்கள் சிதறிய தயிர்த்துளிகள் போலத் தினையின் அரிதாள்களில் உதிர்கின்றன. அரிவாள் போல் வளைந்த காய்கள் பிடித்திருக்கின்றன. பூ உதிர்ந்தது அழிவைக் குறிக்கவில்லை, காய் பிடித்ததைக் குறிக்கிறது. கதிர் கொய்தபின் நிற்கும் தினைத்தாளுக்கு இருவி என்று பெயர். அந்த இருவிகளின் இடையே அவரை காய்த்திருக்கிறது என்பதால், தினையோடு அவரையையும் ஒரே புனத்தில் வளர்த்த முறை இங்கே பதிவாகியிருக்கிறது. இரண்டு அடிகளில் பூ, காய், தாள், பயிர்முறை ஆகிய நான்கும் வந்துவிடுகின்றன.

எள்ளுக்குப் புலவர் தருவது ஓர் அளவு. இளமை நிலை கடந்து கறுத்த காய்கள் ஏழு ஒரு கைப்பிடியை நிறைக்கும் என்கிறார். அந்தப் பருவத்தில்தான் எண்ணெய் மிகுதி. இது அழகுக்காகச் சொன்ன எண் அன்று. அறுவடைக்கு முன் காயைக் கையில் பிடித்துப் பார்த்தவரின் எண்.

வரகின் கதிர் உச்சியில் கவையாகப் பிரியும். அதை வாதம் செய்பவனின் கைக்கு ஒப்பிடுகிறார். வாழையில் பழுத்த குலையின் நுனியில், பூக்கள் உதிர்ந்தபின் எஞ்சிய மொட்டு பாறையைத் தொடுகிறது. யானையின் முகத்தில் பாய்ந்த வேல்போல அது தோன்றுகிறது. குலை பழுத்த நிலையிலும் நுனியில் மொட்டு தங்கியிருப்பது வாழையின் இயல்பு. அந்த மொட்டை 'ஒழிமுகை' என்று பிரித்துச் சொல்வதில் புலவரின் கூர்மை தெரிகிறது.

சொற்களின் சோதனை

2019-இல் வந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் தேவநேயப் பாவாணரின் 'தமிழ்ச்சொல் வளம்' கட்டுரை இடம்பெற்றது. நெல், கேழ்வரகின் அடி தாள். கீரை, வாழையின் அடி தண்டு. கம்பு, சோளத்தின் அடி தட்டை. கரும்பின் அடி கழி. மூங்கிலின் அடி கழை. புளி, வேம்பின் அடி அடி என அது வகுக்கிறது. பூவின் நிலைகளை அரும்பு, போது, மலர், வீ, செம்மல் என்று வரிசைப்படுத்துகிறது. அதே பாடநூலில் மலைபடுகடாமும் உண்டு. ஆனால் அங்கே தரப்பட்டது விருந்தோம்பல் பகுதி மட்டுமே. செடிகளின் பகுதி சேர்க்கப்படவில்லை. ஒரு பாடத்தில் சொற்கள், இன்னொரு பாடத்தில் பாட்டு. இரண்டும் சந்திக்கும் இடம் மாணவருக்குக் கிடைக்கவில்லை.

சந்திக்க வைத்தால் இரண்டு உண்மைகள் தெரியும். அவரைப் பூ உதிர்வதைச் சொல்லும்போது புலவர் 'வீ' என்ற சொல்லையே ஆள்கிறார். பாவாணர் சொன்ன பொருளுக்கு இது பொருத்தமான சான்று. ஆனால் கரும்பைக் குறிக்கும்போது 'கழை' என்கிறார், 'கழி' என்று சொல்லவில்லை. ஆசினி என்னும் மரத்துக்கு 'தாள்' என்ற சொல்லை ஆள்கிறார். பாவாணரின் பட்டியல்படி இவை இரண்டும் பொருந்தா. பட்டியலில் உள்ள எட்டு அடிப்பெயர்களுள் இருவி இடம்பெறவும் இல்லை.

இதனால் பாவாணர் தவறினார் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. ஒரு மொழியில் எத்தனை நுண்ணிய வேறுபாடுகளுக்குச் சொல் உண்டு என்று காட்டுவதே அவர் நோக்கம். ஆனால் அப்பட்டியலை எல்லாக் காலத்துக்கும் மாறாத இலக்கணவிதி போல மனப்பாடம் செய்விப்பது சரியன்று. சொல்லின் எல்லை செய்யுளிலும் வட்டார வழக்கிலும் நெகிழும். அந்த நெகிழ்வைக் காட்டுவதற்கு மலைபடுகடாம் நல்ல பாடம்.

குறிஞ்சிப்பாட்டோடு ஒப்பீடு

தமிழில் பூக்கள் என்றவுடன் கபிலரின் குறிஞ்சிப்பாட்டே நினைவுக்கு வரும். அதில் 99 பூக்களின் பெயர்கள் அடுக்கப்படுகின்றன. தலைவியும் தோழியும் நீராடியபின் விளையாட்டாகப் பறித்துப் பாறையில் குவிக்கும் பூக்கள் அவை. பறித்தாகிவிட்ட பூவுக்குப் பெயரும் நிறமும் மணமும் போதும். ஆகவே அங்கே பட்டியல் பொருத்தமானதே.

மலைபடுகடாத்தின் தேவை வேறு. பசியோடு நடக்கும் கூத்தருக்குப் பூவின் பெயர் பயன்படாது. காய் முற்றிவிட்டதா, கதிர் கொய்யும் பதத்தில் உள்ளதா என்பதே வேண்டும். எனவேதான் இங்கு எண்ணிக்கை குறைவு, நிலை மிகுதி. இரண்டையும் 'தாவர அறிவு' என்று ஒன்றாகப் பாராட்டினால் இரண்டின் தனிச்சிறப்பும் மறைந்துவிடும்.

கேட்பவர் கூத்தர் என்பதைப் புலவர் மறக்கவே இல்லை. பாட்டின் தொடக்கத்தில் கூத்தர் இசைக்கருவிகளைக் கட்டிச் சுமந்து செல்லும் பைகள் பலாவின் காய்க்கொத்து போல இருக்கின்றன. செடிப்பகுதியின் இறுதியில், கிளையில் தொங்கும் பலாப்பழம் வழிநடக்கும் கூத்தரின் முழவு போல இருக்கிறது. முன்பு உவமையாக இருந்தது பின்பு பொருளாகிறது. நூற்றுக்கு மேற்பட்ட அடிகள் இடைவெளியில் இந்த மாற்றம் நிகழ்வதால், தொடர்ந்து படிப்பவருக்கே அது தென்படும். பகுதி பகுதியாகப் பிரித்துப் படித்தால் தெரியாது.

குறை எங்கே?

இப்பகுதிக்கு ஒரு வரம்பும் உண்டு. தினையும் வரகும் மழைக்காலத்தில் வளர்ந்து அதன் பிற்பகுதியிலோ பனிக்காலத்திலோ அறுவடையாகும். மாவும் பலாவும் கோடையில் பழுக்கும். நாவல் அதற்குச் சற்றுப் பின்னர் உதிரும். இவை அனைத்தும் ஒரே பயணத்தில் முற்றியிருக்க இயலாது. பாட்டோ எல்லாவற்றையும் முற்றிவிட்டதாகவே சொல்கிறது. எந்தப் பருவத்தில் சென்றாலும் ஏதேனும் கிடைக்கும் என்று ஆறுதலாகப் பொருள் கொள்ளலாம். ஆயினும் வினைமுற்றுகள் எல்லாம் நிகழ்ந்து முடிந்ததைக் கூறுவதால் அந்த விளக்கம் முழுமையாக நிற்கவில்லை. நன்னன் நாட்டின் வளத்தைப் புகழும் நோக்கமே பருவங்களை ஒன்றாக்கியிருக்கிறது.

ஆகவே இப்பாட்டைப் பண்டைய வேளாண்மைக்குச் சான்றாக எடுத்தாளும் மாணவர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். ஒவ்வொரு செடியையும் பற்றிய செய்தி நம்பத்தக்கது. எல்லாவற்றையும் கூட்டி வரும் தொகை புகழ்மொழி. புன்செய்க்காரரின் கண்ணும் அரசவைப் புலவரின் நாவும் ஒரே பாட்டில் சேர்ந்திருக்கின்றன. இரண்டையும் பிரித்தறிந்தால்தான் பாட்டை நேர்மையாக மதிப்பிட முடியும்.

1889-இல் உ.வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டை அச்சிட்டதால் இப்பாட்டு பலர் கைக்கும் எட்டியது. செங்கம் வட்டாரத்தில் எள்ளும், சவ்வாது மலையில் சாமையும் இன்றும் விளைகின்றன. செடிப்பகுதியின் நாற்பது அடிகளை உரையோடு எடுத்துக்கொண்டு, முற்றிய எள்ளுக்காய் ஏழு ஒரு பிடியில் அடங்குகிறதா என்று கொல்லையில் நின்று பார்க்கும் வாய்ப்பு இம்மாவட்டத்து மாணவருக்கு உண்டு. பாடநூல் விட்ட இடத்தை நிரப்ப அது எளிய வழி.