மெய்யும் மிகைமெய்ம்மையும்: அணிகருவிகள் குறித்த ஒரு திறனாய்வு நோக்கு

முன்னுரை

கண்முன் உள்ள உலகின்மேல் கணினி உருவாக்கும் எழுத்தையும் படத்தையும் பொருத்திக் காட்டும் தொழில்நுட்பம் ஆக்மெண்டட் ரியாலிட்டி எனப்படுகிறது. தமிழில் இதனை மிகைமெய்ம்மை என வழங்குவர். இதனோடு இணைத்துப் பேசப்படுபவை கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, மோதிரம் முதலிய வடிவங்களில் உடலில் அணியப்படும் கணினிக் கருவிகள். இவற்றை அணிகருவிகள் என இக்கட்டுரை குறிக்கின்றது.

தலையில் அணியும் காட்சிக் கருவியை ஐவன் சதர்லாந்து 1968-இல் செய்து காட்டினார். 1990-களின் தொடக்கத்தில் போயிங் விமான நிறுவனத்தின் டாம் காடெல், டேவிட் மிசெல் ஆகியோர், விமானக் கம்பிகளை இணைக்கும் தொழிலாளர்க்கு வழிகாட்டும் முயற்சியில் ஈடுபட்டபோது ஆக்மெண்டட் ரியாலிட்டி என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது. 2013-இல் கூகுள் கிளாஸ் குறிப்பிட்ட பயனர்களுக்கு விற்கப்பட்டது. 2015-இல் அவ்விற்பனை நின்றது. தொழிலகங்களுக்கான பதிப்பும் 2023-இல் முடிவுக்கு வந்தது. அதே ஆண்டில் ரே-பான் மெட்டா கண்ணாடி வெளியாகி, 2025-இல் இந்தியச் சந்தைக்கும் வந்துள்ளது. ஒரு கருவி மறையினும் அதன் வாக்குறுதி மறைவதில்லை என்பதனை இவ்வரலாறு காட்டுகிறது.

அவ்வாக்குறுதி இருவகைப்பட்டது. உடலை உள்ளவாறு அறிவிப்பேன் என்பது ஒன்று. உலகை விளக்கிக் காட்டுவேன் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பொருள்கோடல் சார்ந்தவை. எனவே இவற்றை மதிப்பிடும் உரிமை பொறியியலுக்கு மட்டும் உரியதன்று. அணிந்த பொருளைக் கொண்டு உடலையும் உண்மையையும் அறிதல் பற்றித் தமிழ் இலக்கியம் நெடுங்காலமாகச் சிந்தித்து வந்துள்ளது. அச்சிந்தனையின் வழி இன்றைய வாக்குறுதியை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைச்சொல் தரும் குறிப்பு

மெய் என்னும் தமிழ்ச்சொல் உடலையும் உண்மையையும் ஒருங்கே குறிக்கும். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை முதலிய எட்டு மெய்ப்பாடுகளை வகுக்கின்றது. உள்ளத்து உணர்வு உடலின்கண் வெளிப்பட்டுப் பிறரால் உணரப்படுதலே மெய்ப்பாடு. இங்கு உடல் மட்டும் போதாது. அதனைக் கண்டு உணர்வோரும் வேண்டும் என்பது கருதத்தக்கது. இதயத் துடிப்பைக் கொண்டு மன அழுத்தத்தை அறிவிப்பதாகக் கூறும் கைக்கடிகாரம், உணர்வோரின் இடத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது.

மிகை என்னும் அடையும் எண்ணத்தக்கது. நன்னூல் கூறும் பத்துவகைக் குற்றங்களுள் குன்றக் கூறலை அடுத்து வைக்கப்படுவது மிகைபடக் கூறல். வேண்டிய அளவிற்குமேல் சேர்ப்பது பொருளை விளக்காது, மறைக்கும் என்பது இதன் உட்கிடை. சேர்க்கப்படுவது விளக்கமா, மிகையா என்னும் வினாவைத் தமிழ்க் கலைச்சொல் தன்னுள்ளேயே கொண்டுள்ளது எனலாம்.

வளையும் வேலனும்

அகப்பாடல்களில் தலைவனைப் பிரிந்த தலைவியின் கைவளை நெகிழ்ந்து கழல்வது பெருவழக்கு. தோள் மெலிந்ததை வளை அறிவிக்கின்றது. அணிந்த பொருள் உடலின் நிலையைப் புறத்தார்க்குத் தெரிவிக்கும் இம்முறையை அணிகருவியின் இலக்கிய முன்னோடி எனக் கொள்ளின் தவறாகாது.

ஆயின் சங்கப் பாடல்கள் வளையின் அறிவிப்போடு நின்றுவிடவில்லை. அதனைப் படிப்போர் பலர். தோழி காதலைப் படிக்கின்றாள். ஊரார் அலர் தூற்றுகின்றனர். தாயோ மகளின் மெலிவு முருகனால் நேர்ந்தது எனக் கருதி வேலனை அழைத்து வெறியாடச் செய்கின்றாள். கட்டினாலும் கழங்கினாலும் குறி பார்க்கின்றாள். உடல் தந்த தரவு பிழையன்று; மெலிவு உண்மையே. காரணம் கண்ட முறையே பிழைபட்டது. அப்பிழையை நீக்குவது மற்றொரு கருவியன்று. உண்மையை அறிந்த தோழி அறத்தொடு நிற்றலே ஆகும்.

இன்றைய மருத்துவ அணிகருவிகளுக்கும் இவ்வேறுபாடு பொருந்தும். 2019-இல் முடிவுகள் வெளியான ஆப்பிள் இதய ஆய்வில் 4,19,297 பேர் பங்கேற்றனர். அவருள் 2,161 பேர்க்கு, அதாவது 0.52 விழுக்காட்டினர்க்கு, நாடித்துடிப்பு ஒழுங்கற்றுள்ளது எனக் கைக்கடிகாரம் அறிவித்தது. பின்னர் இதயத் துடிப்பைப் பதியும் பட்டையை அணிந்து திருப்பியனுப்பிய 450 பேரின் பதிவுகளுள் 34 விழுக்காட்டில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் இதயத் துடிப்புக் கோளாறு உறுதியாயிற்று. இக்கோளாறு விட்டுவிட்டு வருவதாகலின், எஞ்சியோர்க்கு நோயில்லை எனவும் துணியவியலாது. உரிய காலத்தில் மருத்துவரிடம் செல்லத் தூண்டுவது இக்கருவியின் பயன். அதனை மறுத்தல் முறையன்று. எனினும் அறிவிப்பு வேறு, நோயறிதல் வேறு. வளை நெகிழ்ந்தது என்பது ஒன்று. அது ஏன் நெகிழ்ந்தது என்பது பிறிதொன்று.

சிலம்பு என்னும் சான்று

அணிந்த பொருளை உண்மைக்குச் சான்றாகக் கொள்வதன் இடரைச் சிலப்பதிகாரம்போல் உணர்த்திய தமிழ் நூல் பிறிதில்லை. கோவலன் கையில் இருந்த சிலம்பு, புறத்தோற்றத்தில் கோப்பெருந்தேவியின் சிலம்பை ஒத்திருந்தது. பொற்கொல்லன் சொல்லும் அவ்வொப்புமையும் அரசனுக்குப் போதுமானவையாயின. கொலை முடிந்த பின்னரே சிலம்பு உடைக்கப்பட்டது. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரலும் அரசியின் சிலம்பில் முத்துப் பரலும் இருந்தமை அப்போதுதான் தெரிந்தது. தண்டனைக்குப் பின் வந்த சோதனை என்பதே இக்காப்பியம் காட்டும் நீதிப்பிழை.

இப்பிழை இன்றும் நிகழக்கூடியதே. சண்டிகர், பஞ்ச்குலா, நாகபுரி முதலிய இந்திய நகரங்களில் தூய்மைப் பணியாளர் கைகளில் இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். கைக்கடிகாரங்கள் கட்டப்பட்டன. பணியாளர் எங்கு நிற்கின்றார் என்பதனை அலுவலகத் திரை காட்டும். அதனைக் கொண்டு வருகை கணிக்கப்படும். சண்டிகரில் 2020-இல் பணியாளர்கள் இதனை எதிர்த்துப் போராடினர். தம்மை எப்பொழுதும் வேவு பார்க்கும் கருவி என்பதும், கருவியின் பிழையால் தம் ஊதியம் குறையும் என்பதும் அவர்தம் குறைகளாக இருந்தன. ஒரு தெருவைப் பெருக்கிய உழைப்பைத் திரையில் நகரும் புள்ளி காட்டாது. புள்ளி நகரவில்லை என்பதனால் ஊதியம் பிடிக்கப்படின், பரலைப் பாராது தீர்ப்பு வழங்கியதாகவே முடியும்.

இங்குச் சங்க வளைக்கும் இக்கைக்கடிகாரத்திற்கும் உள்ள வேற்றுமையைச் சுட்டுதல் வேண்டும். வளையைத் தலைவி தனக்கென அணிந்தாள்; அது நெகிழ்ந்ததைக் கண்ணெதிரே கண்டோர் மட்டுமே அறிந்தனர். பணியாளர் கைக்கடிகாரமோ பிறர் பொருட்டு அணிவிக்கப்பட்டது. அதன் செய்தி அவர் காணாத இடத்தில் படிக்கப்படுகிறது. 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்சநீதிமன்றம் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என அறிவித்தது. ஆயினும் 2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்குப் பணியாளரின் ஒப்புதலின்றியும் அவர்தம் தரவைக் கையாள இடமளிக்கின்றது. கண்ணகி அரசவைக்குச் சென்று தன் சிலம்பை உடைத்துக் காட்ட முடிந்தது. தன்னைப் பற்றிய தரவைத் திறந்து காட்டுக எனப் பணியாளர் எந்த வாயிலில் நின்று கேட்பது என்பதே இன்றைய வினா.

தற்குறிப்பேற்றமும் கண்ணாடியும்

அணி என்னும் சொல் அணிகலனையும் செய்யுளணியையும் குறிக்கும். தண்டியலங்காரம் கூறும் அணிகளுள் தன்மையணி பொருளை உள்ளவாறு கூறுவது. தற்குறிப்பேற்ற அணி, இயல்பாக நிகழும் நிகழ்ச்சியின்மேல் கவிஞன் தன் கருத்தை ஏற்றிக் கூறுவது. மதுரை மதிலின்மேல் காற்றில் அசைந்த கொடிகள் கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டா எனத் தடுப்பனபோல் அசைந்தன என்பது இதற்கு மாணவர்க்குக் காட்டப்பெறும் பழகிய எடுத்துக்காட்டு.

மிகைமெய்ம்மைக் கண்ணாடி செய்வதும் தற்குறிப்பேற்றமே. தெருவின்மேல் வழிகாட்டும் அம்பு, கடையின்மேல் மதிப்பெண், மனிதர் முகத்தருகே பெயர் என அது ஏற்றிக் காட்டுகிறது. ஆயின் அடிப்படையான வேற்றுமை ஒன்றுண்டு. கொடி அசைந்தது காற்றால் என்பதனையும், தடுத்தது இளங்கோவின் குறிப்பு என்பதனையும் கற்போர் நன்கறிவர். அவ்வறிவே அணியின் இன்பத்திற்குக் காரணம். கண்ணாடியில் தோன்றும் குறிப்போ தன்னைத் தன்மையணியாகக் காட்டிக்கொள்கின்றது. ஏற்றியவர் யார், எதன்பொருட்டு ஏற்றினார் என்பவை மறைந்துவிடுகின்றன.

ஏற்றப்படும் இடத்திற்குரியோரின் இசைவும் கேட்கப்படுவதில்லை. 2016-இல் உலகெங்கும் பரவிய போக்கிமான் கோ விளையாட்டு, உண்மையான இடங்களின்மேல் கற்பனைப் பொருள்களைக் காட்டியது. வழிபாட்டுத் தலங்களில் முட்டைகள் தோன்றுவதாகக் கூறி அவ்வாண்டில் குஜராத் உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடரப்பட்டது. அங்கு உண்மையில் முட்டை ஏதுமில்லை. எனினும் ஒருவர் போற்றும் இடத்தின்மேல் மற்றொருவர் தம் குறிப்பை ஏற்றலாமா என்னும் வினா மெய்யானது. முகத்தின்மேல் ஏற்றுதல் இதனினும் கடுமையானது. ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர் இருவர், ரே-பான் மெட்டா கண்ணாடியோடு முகமறியும் மென்பொருளை இணைத்து, முன்பின் அறியாதோரின் பெயர் முதலிய விவரங்களைத் திரட்ட இயலும் என 2024-இல் செய்து காட்டினர். இடரை உணர்த்துவதே அவர்தம் நோக்கமாக இருந்தது.

சுஜாதாவின் ஜீவா

தற்காலத் தமிழ்ப் புனைவில் இவ்வினாவை முன்கூட்டி எழுப்பியவர் சுஜாதா (1935-2008). பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய அவர், 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய நாவல் 'என் இனிய இயந்திரா'. எதிர்கால இந்தியாவை ஜீவா என்னும் சர்வாதிகாரி ஆள்கின்றான். மக்களின் பெயர்கள் ஈரெழுத்திற்குள் அடங்குகின்றன. குழந்தை பெறுவதற்கும் அரசின் இசைவு வேண்டும்.

இந்நாவலைப் பற்றிப் பேசுவோர் பெரிதும் ஜீனோ என்னும் இயந்திர நாயையே நினைவுகூர்வர். அதன் நகைச்சுவையும் சுயசிந்தனையும் அத்தகு ஈர்ப்புடையன. ஆயின் இக்கட்டுரைக்கு வேண்டியது ஜீவாவே. மக்கள் அஞ்சி வணங்கும் அவ்வாட்சியாளன் உண்மையில் மனிதனல்லன். ஹோலோகிராம் என்னும் ஒளியுருவம். நாட்டின்மேல் ஏற்றப்பட்ட ஒரு படிமம் நாட்டை ஆள்கின்றது. படிமத்தைப் பொய் என நிலா அறிவதோடு சிக்கல் தீர்வதில்லை. படிமத்தின் பின்னிருந்தோர் அவளையே அடுத்த படிமமாக முன்நிறுத்துகின்றனர். பொய்யுருவைக் கலைப்பதனினும், உருவை ஏற்றும் அதிகாரம் எவரிடம் உள்ளது எனக் கேட்பதே இன்றியமையாதது என்பது நாவலின் ஆழ்ந்த பொருள். தொழில்நுட்ப வியப்பைச் சுவைபடக் கூறும் கதை என்ற அளவில் இதனை மதிப்பிடுவது குறைபட்ட மதிப்பீடேயாகும்.

குடுபல்லி காட்டும் சான்று

இவ்வாக்குறுதி எளிய ஊர்களில் என்னவாகும் என்பதற்குச் சித்தூர் மாவட்டத்துக் குடுபல்லியைக் கருதலாம். ஆந்திரம், தமிழகம், கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்கள் நெருங்கும் பகுதி இது. அண்டையிலுள்ள குப்பத்தில் 1997-இல் திராவிடப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. இப்பகுதியில் தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் பேச்சில் கலந்து வழங்குகின்றன. வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் தெலுங்கு கற்றவர்க்குத் தமிழ் செவிக்கு உரியதாகவும் கண்ணுக்கு அயலானதாகவும் அமைந்துவிடுகின்றது.

இத்தகையோர்க்கு மிகைமெய்ம்மை உண்மையான நன்மை செய்யக்கூடும். பேச்சை மொழிபெயர்த்துக் கண்ணாடியில் எழுத்தாகக் காட்டும் முன்மாதிரி ஒன்றைக் கூகுள் 2022-இல் அறிமுகப்படுத்தியது. அலைபேசியின் ஒளிப்படக் கருவி வழி ஒரு மொழிப் பலகையைப் பிறிதொரு மொழியில் காணும் வசதி ஏற்கெனவே உள்ளது. மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் அயல் எழுத்தின்முன் நிற்பவர்க்கு இது கைவிளக்காகும். எனினும் கைவிளக்கு கண்ணாகாது. திரையில் மொழிபெயர்ப்பு தோன்றுகிறது என்பதனைக் காரணங்காட்டித் தமிழ்ப் பாடநூலும் தமிழாசிரியரும் தேவையில்லை எனக் கருதப்படின், அக்கருவி சிறுபான்மை மொழியினர்க்கு இழப்பையே தரும். எழுத்தைக் கற்றவர் மொழிபெயர்ப்பின் பிழையைக் காண்பர். கல்லாதவர் கண்ணாடி காட்டியதையே மெய்யெனக் கொள்வர்.

குடுபல்லி மண்டலத்தைச் சேர்ந்த குடிவங்காவில் அகஸ்தியா பன்னாட்டு அறக்கட்டளையின் 172 ஏக்கர் அறிவியல் கல்வி வளாகம் அமைந்துள்ளது. 1999-இல் தொடங்கப்பெற்ற இவ்வமைப்பு, மாதிரிகளைத் தொட்டும் இயக்கியும் பார்த்துக் கற்கும் முறையைச் சிற்றூர்க் குழந்தைகளுக்குக் கொண்டு செல்கின்றது; நடமாடும் ஆய்வகங்கள் பள்ளிகளுக்கே செல்கின்றன. பொருளின்மேல் விளக்கத்தை ஏற்றிக் காட்டுவதற்கு முன், பொருளையே குழந்தையின் கையில் தருவது இம்முறை. ஏற்றப்படும் விளக்கத்தை ஐயுற்று வினவும் ஆற்றல் இத்தகு பயிற்சியிலேயே பிறக்கும்.

முடிவுரை

அணிகருவி தரும் தரவு மெய்யாக இருப்பினும் அதன் பொருள்கோடல் பிழைபடலாம் என்பதனை வளையும் வேலனும் காட்டுகின்றனர். சோதனைக்கு முன் தண்டனை கூடாது என்பதனைச் சிலம்பு உணர்த்துகின்றது. ஏற்றப்பட்ட குறிப்பின் உரிமையாளர் யார் என்பது வெளிப்படையாக இருத்தல் வேண்டும் என்பதனைத் தற்குறிப்பேற்ற அணியும், ஏற்றும் அதிகாரத்தையே வினவுதல் வேண்டும் என்பதனைச் சுஜாதாவின் நாவலும் அறிவுறுத்துகின்றன. இவற்றின் அடிப்படையில் அணிகருவி ஒவ்வொன்றின் முன்னும் மூன்று வினாக்களை வைக்கலாம்: அணிவது யார் பொருட்டு? படிப்பவர் யார்? பிழையாகப் படித்தால் உடைத்துக் காட்ட வழியுண்டா? தூய்மைப் பணியாளரின் கைக்கடிகாரம் மூன்றாம் வினாவிற்கு விடையளிக்கும் நாள்வரை, அதனைப் பணியாளர் நலனுக்கான கருவி எனக் கூறுதல் மிகைபடக் கூறலேயாகும்.