நீர் எந்த விலங்கு?

கூட்டத்தில் முன்னின்று பேசுவீரா, ஒதுங்கி நின்று நோக்குவீரா? ஆராய்ந்த பின் செய்வீரா, செய்த பின் ஆராய்வீரா? இவ்வாறு பத்துப் பன்னிரண்டு வினாக்கள். விடைகளைக் குறித்து முடித்ததும், ‘நீர் சிங்கம்’ என்றோ ‘நீர் ஆந்தை’ என்றோ ஒரு தீர்ப்புக் கிடைக்கிறது. இளைஞர் பொழுதுபோக்காகச் செய்துவந்த இக்குணத்தேர்வு, இன்று அலுவலகப் பயிற்சிகளிலும் வகுப்பறைகளிலும் இடம்பெறுவதுண்டு. ஆகவே இதனை வெறும் விளையாட்டு எனத் தள்ளிவிடாது ஆராய்தல் ஆசிரியர்க்குக் கடனாகும்.

மாந்தரை விலங்கோடும் பறவையோடும் ஒப்பிடுதல் தமிழுக்குப் புதிதன்று. எனினும், ஒப்பிடுதற்கு இலக்கணம் வகுத்த மொழி தமிழ். உவமை வினை, பயன், மெய், உரு என்னும் நான்கனுள் ஒன்றன் அடியாகப் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கருத்து. எதனால் ஒப்புமை என்பது விளங்காவிடின் உவமை நிற்காது. குணத்தேர்வோ அந்த அடிப்படையைக் கூறுவதில்லை. ‘புலி போலப் பாய்ந்தான்’ என்பது ஒரு செயலைப் பற்றிய உவமை. ‘நீ புலி’ என்பது ஆள் முழுவதையும் மூடிவிடும் உருவகம். தேர்வின் முதற்குறை இதுவே.

இக்குறையால் விளையும் குழப்பத்திற்கு ஆந்தை ஒன்றே சான்று. மேல்நாட்டார்க்கு அது அறிவின் சின்னம். தமிழர் வழக்கிலோ அதன் அலறல் தீக்குறி. வள்ளுவரோ காலமறிதல் என்னும் அதிகாரத்தில், வலிமையிருந்தும் பகற்பொழுதில் காக்கைக்குத் தோற்பதாகக் கூகையைக் காட்டுகிறார். ‘நீர் ஆந்தை’ எனப் பெயர் பெற்ற மாணவன் இவற்றுள் எதனைத் தன் குணமாகக் கொள்வான்?

அதே அதிகாரத்தில் பின்வாங்கிப் பாயும் ஆட்டுக்கடாவும், காத்திருந்து குத்தும் கொக்கும் வருகின்றன. கொக்கின் இருநிலைகளையும் ஒருவனுக்கே வள்ளுவர் வேண்டுகிறார்: காலம் வாராதபோது ஒடுங்கியிருத்தல், வாய்த்தபோது விரைந்து முடித்தல். அடக்கத்திற்கு ஆமையையும், அம்புபட்டும் தளராத ஊக்கத்திற்கு யானையையும் அவர் காட்டுவதும் இம்முறைபற்றியே. ஒருவனே ஓரிடத்தில் ஆமையாகவும் ஓரிடத்தில் யானையாகவும் ஒழுகவேண்டும் என்பது குறளின் துணிபு. ஒருவனுக்கு ஒரே விலங்கு என்பது குணத்தேர்வின் துணிபு. முன்னது வாழும் நெறியைக் கற்பிக்கிறது. பின்னது பெயர்ச்சீட்டை ஒட்டிவிட்டு அமைகிறது.

இரண்டாவது குறை, சான்று கூறுவோனும் தீர்ப்புப் பெறுவோனும் ஒருவனே ஆதல். சிங்கமாக விரும்புவோன் சிங்கத்திற்குரிய விடைகளையே தேர்ந்தெடுப்பான். புலித்தோல் போர்த்து மேயும் பசுவை வள்ளுவர் கூடாவொழுக்கத்திற்கு உவமையாக்கினார். இத்தேர்விலோ அத்தோலை யாரும் எளிதிற் பெறலாம். மேலும், வரும் தீர்ப்புகள் பெரும்பாலும் புகழுரைகளாகவே இருத்தலின், அவற்றை மறுப்பார் அரியர். 1948-ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூல் ஆசிரியர் பெர்ட்ராம் ஃபோரர், தம் மாணவர் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, பின்னர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதியது போன்ற குணவிளக்கம் ஒன்றை வழங்கினார். அது தம்மோடு எவ்வளவு பொருந்துகிறது என ஐந்துக்கு மதிப்பெண் இடுமாறு கேட்டார். சராசரி 4.26 ஆயிற்று. உண்மையில் 39 பேருக்கும் வழங்கப்பட்டது ஒரே விளக்கம். சோதிட நூலிலிருந்து திரட்டியது. பொதுவான புகழுரையைத் தமக்கே உரியதாகக் கொள்ளும் மனித இயல்பை இச்சோதனை நன்கு காட்டுகிறது.

இனி, தமிழாசிரியர் சிலர் ஒரு தடை எழுப்பக்கூடும். பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், மாணாக்கரை அன்னம், பசு, கிளி, ஆடு, எருமை எனப் பிரிக்கவில்லையா? அதுவும் பெயர்ச்சீட்டன்றோ? இவ்வினா தக்கதே. ‘எருமை’ என்னும் வசைச்சொல் வகுப்பறைகளில் ஒலித்த காலமும் உண்டு. ஆயினும் அது நூலின் குற்றமன்று; நூலை அரைகுறையாகப் பயன்படுத்தியோர் குற்றம்.

நன்னூலார் பட்டியலில் உயிரிகளோடு மண்ணும், ஓட்டைக் குடமும், நெய்யரியும் இருத்தலைக் கருதுக. மாணவனின் பிறவிக்குணம் என்ன என்பது அவர் வினாவன்று. பாடத்தை எவ்வாறு ஏற்கிறான் என்பதே வினா. அன்னம் பாலைப் பிரித்துக்கொள்கிறது. பசு வயிறார மேய்ந்து பின் அசைபோடுகிறது. கிளி சொன்னதையே சொல்கிறது. ஆடு ஒரு செடியிலும் நில்லாது மேய்கிறது. எருமை குளத்தைக் கலக்குகிறது. நெய்யரி நெய்யை விட்டுக் கசடைப் பற்றுகிறது. எல்லாம் வினைபற்றிய உவமைகள். அன்றியும், ஒரு நூலை இருமுறை கேட்போன் பிழை நீங்குவான், மும்முறை கேட்போன் முறையாக எடுத்துரைப்பான் என்று அந்நூலே வழியும் கூறுகிறது. வழி கூறும் நூல் விதி எழுதுவதன்று.

குணத்தேர்வால் நன்மையே இல்லை என்பதற்கில்லை. வாய்திறவாத மாணவனும் ‘நான் முயலாம்’ எனச் சிரித்துப் பேசத் தொடங்கினால் அது பயனே. அந்தப் பேச்சைத் தொடங்கிவைத்து, ‘எந்தச் செயலில் முயல்? எப்போது?’ என்று ஆசிரியர் வினவுவாராயின், உவமை இலக்கணப் பாடமும் உடன் நிகழும். தீர்ப்பையே முடிவாகக் கொண்டு, ‘இவன் ஆமை, இவனுக்கு இவ்வளவு போதும்’ என அவர் அமைந்துவிடின், கேடு மாணவனுக்கே.

மண் என்னும் உவமை இங்கு நினைக்கத்தக்கது. உழவன் முயற்சியின் அளவே நிலம் விளைகிறது. ஆசிரியன் முயற்சியின் அளவே அம்மாணவன் விளங்குகிறான். மாணவனை அளக்க எடுத்த அவ்வுவமை ஆசிரியனையும் உடன் அளந்துவிடுகிறது. குணத்தேர்வு எதிலும் அந்த வினா இல்லை.